சூடம் காட்டாத எஞ்சின்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கப்பலை நான் நேரில் பார்த்ததில்லை. கனவில்தான் பலமுறை ஏறியிருக்கிறேன். கனவில் அது எங்கள் பட்டினச்சேரிக் கரைக்கே வந்துவிடும். அவ்வளவு பெரிய கப்பல் மணலில் வந்து நிற்க முடியாது என்று கனவிலும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஃபைபர் படகுகளுக்கு நடுவே, கல்யாண மண்டபங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, வெள்ளையாக நிற்கும். நான் ஈரக்காலோடு ஏறி அவரைத் தேடி இறங்கிக்கொண்டே இருப்பேன். படிக்கட்டுதான் முடியாது. அடியிலிருந்து ஒரு முனகல் மட்டும் வரும், கோயில் மணி அடித்து ஓய்ந்தபிறகு காதுக்குள் கிடக்குமே, அதுபோல. முருகா என்று விழித்துக்கொள்வேன்.

அவர் எஞ்சின் அறை ஆள். வசதியுள்ளவர்கள் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கப் போகும் சொகுசுக் கப்பலில், அவர்கள் யாரும் பார்க்காத அடித்தளத்தில், இருபது வருடமாக வேலை. எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அவர் பத்தாவது, நான் எட்டாவது. எங்கள் மகள் காரைக்காலில் கல்லூரிக்குப் போகிறாள்.

பழைய கப்பல் ஓடியது கருப்பெண்ணெயில். தார் மாதிரி இருக்குமாம். சூடு காட்டினால்தான் குழாயில் நகருமாம். அவர் விடுப்பில் வந்து பையைத் திறந்தால் அந்த வாடைதான் முதலில் வெளியே வரும். சோப்பு போட்டுத் துவைத்து, கடல் காற்றில் நாலு நாள் காயப்போட்டாலும் சட்டையின் மடிப்பில் கொஞ்சம் இருக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் திரும்பிப் போனபிறகு ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் வைத்திருப்பேன்.

அந்தக் கப்பலின் புகை பற்றி அவர் நிறையச் சொல்வார். காலையில் மேல்தளத்தில் பயணிகளின் வெள்ளை நாற்காலிகள் மேல் மை தூவியதுபோல் கரி படிந்திருக்குமாம். அவர்கள் எழுந்து வருவதற்குள் துடைத்துவிட வேண்டும். வடக்கே, மலைகளுக்கு நடுவில் கடல் நீளமாக நுழைந்து கிடக்கும் ஊர்களில் காற்று அசையாது. கப்பல் விட்ட புகை மலைக்கும் மலைக்கும் நடுவே அப்படியே தொங்குமாம். அந்த ஊர்க்காரர்கள் கடைசியில், புகையோடு வருவதென்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன தடவைக்கு முந்தின விடுப்பில் வந்தவர், சாப்பிட்டுக் கைகழுவும்போது சாதாரணமாகச் சொன்னார். பழைய கப்பலை விற்கப் போகிறார்கள். புதுக் கப்பல் ஒன்று கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. அது மெத்தனாலில் ஓடும். அதற்கென்று தனிப் பயிற்சி முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள்.

மெத்தனால் என்றதும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அந்த வார்த்தை ஒரே ஒரு இடத்தில்தான் பழக்கம். கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்தார்கள், கண் போனது என்று டி.வி.யில் சொல்லும்போதெல்லாம் கூடவே வரும் பெயர் அது.

அவர் அண்ணன் பெண்சாதி அன்று மீன் கொண்டுவந்திருந்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏண்டி, சாராயத்துல ஓடுற கப்பலா? அப்ப அது நம்ம காரைக்கால் கப்பல்தான்டி. கொடிய மாத்திடச் சொல்லு."

வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்த அவர் அண்ணனும் விடவில்லை. "நேரா போவாதே தம்பி. தள்ளாடிக்கிட்டுல்ல போவும்."

"இது குடிக்கிற சரக்கு இல்ல அண்ணி. குடிச்சா உசுரு போயிடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப அதுக்குப் பக்கத்துல எட்டு மாசம் நிக்கப்போறீங்களா?" என்றேன்.

"இருபது வருசமா மோந்தது மட்டும் பன்னீரா?"

நான் மீன்சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அந்தப் பயிற்சிக்குச் சென்னைக்குப் போகுமுன் ஒரு வாரம் மகளை உட்காரவைத்துப் படித்தார். அவள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வாள்; அவர் தன் கைப்பட எழுதிக்கொள்வார். நான் முருங்கைக்கீரை உருவியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். பார்த்தால் தண்ணீர் போலவே இருக்குமாம். எரிந்தால் கரி கிடையாது, கந்தக நாற்றம் கிடையாது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்து அதில்தான் ஓடவிடுவார்கள்; கொஞ்சம் கசிந்தாலும் மோப்பம் பிடிக்கும் கருவி கத்தும். எஞ்சினுக்குள் தானாகப் பற்றாது. ஒரு சொட்டு டீசல் முதலில் பற்றி, அதிலிருந்து இது பற்ற வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குக் குத்துவிளக்குதான் ஞாபகம் வந்தது. திரி முனையில் சூடத் துணுக்கு வைத்து ஏற்றுவோமே.

"இத எங்கேருந்துங்க எடுக்குறாங்க?" என்று கேட்டேன்.

"மரக்கழிவு, குப்பை, சாணம் இதுலேருந்து வர்ற வாயுவுலயும் எடுக்கலாமாம். காத்துல கலக்குற கரியமில வாயுவப் புடிச்சும் பண்ணலாமாம்."

"சாணத்துலேருந்தா?" எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. சாணத்தைச் சுட்டுத்தானே திருநீறு எடுக்கிறோம். அதிலிருந்து வருவது கெடுதல் செய்யாது என்று தோன்றியது.

"ரொம்ப சந்தோஷப்படாத. இப்ப எல்லாம் அப்புடி வந்துடல. நெறய இன்னும் பூமிக்குள்ளேருந்து எடுக்குற கேஸ்லதான் பண்ணுறாங்க. போகப்போகத்தான் மாறணும்."

அவர் தேறிவிட்டார். சான்றிதழ் கையில் வாங்கிய அன்று போனில் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நாற்பத்தெட்டு வயதில், பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இந்தக் கப்பல் இல்லையென்றால் அவருக்கு வேறு கப்பல் இல்லை. அந்த வயதில் புதிதாக யாரும் எடுக்க மாட்டார்கள். கடலுக்குப் போய் வலை இழுக்கத் தோள்பட்டை விடாது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் புது எஞ்சின் படகில் ஏறினால், சூடம் காட்டாமல் யாரும் அதைக் கிளப்பும் கயிற்றை இழுக்க மாட்டார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, தேங்காய் உடைத்து, எஞ்சின் தலைக்குமேல் சூடத்தட்டை மூன்று சுற்று சுற்றினபிறகுதான் அது எஞ்சின். அதுவரை வெறும் இரும்பு. ஒருமுறை அவர் அண்ணன் அவசரத்தில் சும்மா இழுத்துவிட்டார். மூன்றாம் நாள் நடுக்கடலில் நின்றுபோய், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. தற்செயல் என்று என் மகள் சொல்வாள். இருக்கலாம். ஆனால் அன்று மாலை வரை கரையில் நின்றது நாங்கள்.

பழைய கப்பலில்கூட ஆயுத பூஜைக்குத் தலைமை எஞ்சினியரிடம் அனுமதி வாங்கி, பட்டறை மூலையில் நம் ஆட்கள் துளி சூடம் காட்டுவார்களாம். இதுவோ புத்தம்புதுக் கப்பல். புது எஞ்சின். கையில் பிடிக்க முடியாத, கண்ணால் கண்டுபிடிக்க முடியாத எண்ணெய். அதைச் சும்மா இழுத்துவிட்டால்?

பை கட்டுவது எப்போதும் என் வேலை. இருபது வருடமும் நான்தான் கட்டியிருக்கிறேன். இந்த முறை அவர் முன்கூட்டியே சொன்னார்: "இந்தா பாரு, தீப்பெட்டி, சூடம், ஊதுபத்தி எதுவும் கூடாது. அந்தக் கப்பல்ல நெருப்புப் பேச்சே ஆவாது. சிகரெட்டு புடிக்கிறவன்கூட லைட்டர வெளியில குடுத்துட்டுத்தான் உள்ள வரணும்."

சரிங்க என்றேன். சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் பையில் துணி அடுக்கும்போது மனசு வேறு கணக்குப் போட்டது. அவர் சொன்னது பீடி சிகரெட்டுக்கு. சாமி காரியத்துக்கு எந்த ஊர் சட்டம் குறுக்கே நிற்கும்? தெரியாமல் வைத்துவிட்டால் அவர் மேல் பாவமில்லை. கப்பலில் போய்ப் பார்த்தால், வந்ததுதான் வந்தது என்று ஒரு நிமிஷம் காட்டிவிடுவார். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கருப்புக் காலுறைச் சுருளுக்குள் ஒரு சூடப் பொட்டலமும் சின்னத் தீப்பெட்டியும் வைத்து உருட்டினேன். திருநீற்றுப் பொட்டலத்தை மட்டும் அவர் பார்க்கவே மேலே வைத்தேன். விமானத்திலும் தீப்பெட்டி கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அங்கே எப்படித் தப்பியதோ. தப்பியிருக்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. அங்கே காலை.

"காலுறைக்குள்ள என்ன வச்ச?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உட்காரவைத்தது.

கப்பலில் ஏறும் படியிலேயே பைகளை எக்ஸ்ரேயில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரி காலுறையைப் பிரித்து, மேசைமேல் தீப்பெட்டியையும் அந்த வெள்ளைக் கட்டிகளையும் வரிசையாக வைத்தாராம். கூட ஏற வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி ஏறிப்போனார்கள். இவரைத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு தங்கும் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். கேப்டன் முடிவு சொல்லும்வரை கப்பலில் கால் வைக்கக்கூடாது. பெரும்பாலும் ஊருக்குத்தான் அனுப்புவார்கள் என்று ஏஜெண்ட் சொன்னாராம்.

"நான் வச்சேன்னு சொல்லிட்டீங்கதானே?"

"இல்ல. என்னுதுன்னு சொன்னேன்."

"ஏங்க?"

"பையப் பாக்காம தூக்கிட்டு வந்தது நான்தானே. யாரு கட்டுனா என்ன."

அன்று சாயங்காலம் அம்மன் கோயிலுக்குப் போனேன். எப்போதும்போல் தீபாராதனைத் தட்டு வரிசையாக வந்தது. எல்லாரும் நெருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் முன்னால் தட்டு வந்து நின்றது. என் கை எழவில்லை. குருக்கள் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அந்தச் சுடர் தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா, உன்னை நான் கொண்டுபோய்த் தப்பான இடத்தில் வைத்துவிட்டேனா என்று கேட்டேன்.  வெளியே வந்தால் கடல் பால்போல் அசையாமல் கிடந்தது. எங்கோ ஒரு தங்கும் விடுதியில் தன் பையின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பது, தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "நாளைக்கு நான் அந்த ஆபீசர்கிட்ட பேசணும்."

"ம்மா, அப்பா என்னுதுன்னு சொல்லிட்டாரு. இப்ப நீ மாத்திச் சொன்னா அப்பா பொய் சொன்னதா ஆயிடும்."

"பொய்தானேடி."

அவள் போனைக் கையில் எடுத்தாள். பிறகு அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். அவர் வேண்டாம் என்றார். நான் போனைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில் தட்டினேன்: நான் செய்ததற்கு நீங்கள் ஊருக்கு வந்தால், இந்த வீட்டில் நான் எப்படி விளக்கு ஏற்றுவேன்?

மறுநாள் மத்தியானம், விடுதிக்கே வந்திருந்த அந்த அதிகாரி வீடியோவில் வந்தார். பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் ஊர் ஆள்போலவே முகம். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, நான் சொல்வதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஒளிச்சு வச்சேன். இவருக்குத் தெரியாது. இவரு சொன்னது எனக்காக."

அதிகாரி அந்த வெள்ளைக் கட்டியை விரலில் எடுத்துக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். எஞ்சினுக்கு என்றேன். மகள் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். "சொல்லுடி" என்றேன். புது எஞ்சினுக்கு முதல் நெருப்பை நாங்கள் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் கொடுப்போம் என்று சொல்லச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு பொட்டலத்தைத் தூக்கி, அப்படியானால் இந்தச் சாம்பல் நிறப் பொடி என்ன என்றார்.

"திருநீறு. சாம்பல். எரிஞ்சு முடிஞ்சது."

"முடிஞ்சதுன்னா இருக்கட்டுமாம்" என்றாள் மகள். "இனிமே அது எரிய முடியாதாம்."

பிறகு அவர் ஒன்றைக் காட்டினார். பயிற்சிக்கு எடுத்த படம். நல்ல வெயிலில், சிமெண்ட் தரையில் ஒரு அகலமான இரும்புத் தட்டு. தட்டில் தண்ணீர் போல ஏதோ. ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு ஆள் நீளக்கழியில் கட்டிய துணியைத் தட்டுக்கு மேலே நீட்டினான். வெறும் காற்றில் துணி பற்றி எரிந்தது.

நான் நெஞ்சில் கைவைத்துவிட்டேன்.

அதே இடத்தை வேறொரு கேமராவில் காட்டினார்கள். சூட்டைப் பார்க்கும் கேமராவாம். தட்டு முழுக்க ஆளுயரத்துக்கு நெருப்பு நின்றுகொண்டிருந்தது. முதலிலிருந்தே நின்றிருக்கிறது. வெயிலில் மெத்தனால் நெருப்பு நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ. உலகத்தில் நான் கும்பிட்ட நெருப்பெல்லாம் ஆடும், மணக்கும், புகையும், முகத்தில் மஞ்சள் அடிக்கும். இது எதுவும் இல்லாமல், வெயிலோடு வெயிலாக, சத்தமில்லாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் நான் என் அரையணாத் தீப்பெட்டியை அனுப்பிவைத்திருக்கிறேன். என் கண்ணில் தண்ணீர் வழிந்ததை அந்த அதிகாரியும் பார்த்தார்.

அவர் ஏதோ சொல்ல, என் வீட்டுக்காரரே தமிழில் சொன்னார். "இவரு வீட்டம்மா புட்டியில மாதா கோயில் தீர்த்தத் தண்ணி வச்சு விடுவாங்களாம். போன மாசம் இவரு பையையே இவரு ஆளுங்க திறந்து, தண்ணிதானான்னு சோதிச்சுட்டுத்தான் விட்டாங்களாம்."

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவு தன் கையில் இல்லை, கேப்டனிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று அதிகாரி விடைபெற்றார்.

இரண்டு நாள். மீன் வாங்கினேன், ஆய்ந்தேன், குழம்பு வைத்தேன். எதுவும் என் கையால் செய்ததுபோல் இல்லை. அக்கா வந்து உட்கார்ந்து, வழக்கமான கேலி ஒன்றும் பேசாமல், என் வெங்காயத்தை வாங்கி உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். 

மூன்றாம் நாள் செய்தி வந்தது. கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். சும்மா இல்லை. எச்சரிக்கை என்று அவர் பெயரில் எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். பாதுகாப்பு வகுப்பு முழுவதும் மறுபடி உட்கார வேண்டும். அதுவரை எஞ்சின் அறைக்குள் போகக்கூடாது. துணி வெளுக்கும் இடத்தில் வேலை. இருபது வருடத்தில் முதல்முறையாக, கப்பல் புறப்பட்டபோது அவர் எஞ்சின் பக்கத்தில் இல்லை. மேல்தளத்துக்குத் துண்டுகள் கொண்டுபோனவர் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தாராம்.

"ஓடுதா ஓடலையான்னே தெரியல. மேல காத்து மட்டும் கொஞ்சம் நடுங்குச்சு. அவ்வளவுதான். நாற்காலியெல்லாம் வெள்ளையாவே கெடந்துச்சு."

"சூடம் காட்டலையே" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

 அவர் சொன்னார்: "காட்டல. ஓடுது." கொஞ்சம் பொறுத்து, "நெத்தியில திருநீறு வச்சுக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்துத்தான் எஞ்சின் அறைக்குள் விட்டார்கள். அந்த ஒரு மாதமும் என்மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மாதம் முடிந்து வந்தார். பையைத் திறந்தேன். எந்த வாடையும் இல்லை, சோப்பு வாடைதான். இவர் எங்கே போய்விட்டு வந்தார் என்று ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது. ஆனால் அவருடைய பழைய இருமல் குறைந்திருந்தது.

விடுப்பு முடிந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, அவரே பாயை விரித்துத் தன் துணிகளை எடுத்துவந்து அடுக்க ஆரம்பித்தார். நான் வழக்கம்போல் பக்கத்தில் உட்காரப் போனவள் நின்றுவிட்டேன்.

"நான் கட்டல. நீங்களே கட்டுங்க" என்றேன்.

"சரி."

அவர் சட்டை மடிக்கும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன். நாலாக மடிக்க வேண்டியதை இரண்டாக மடிக்கிறார். காலுறைகளைச் சுருட்டாமல் தட்டையாக வைக்கிறார். எல்லாம் வைத்துவிட்டு, பையை என் பக்கம் தள்ளினார்.

"வந்து செக் பண்ணு."

"நானா?"

"கப்பல்ல அவங்க பாப்பாங்க. அதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தரு பாக்கணும்ல. வா."

உட்கார்ந்தேன். ஒவ்வொரு துணியாக எடுத்து உதறினேன். பக்கப் பைகளில் விரலை விட்டுத் தடவினேன். சவரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலணிக்குள் கைவிட்டு நுனிவரை துழாவினேன். அவர் அந்த அதிகாரி முன்னால் நின்றதுபோல என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சட்டைகளை மட்டும் நாலாக மடித்து வைத்தேன். 

"ஒன்னும் இல்லீங்க" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப நீயே ஜிப்ப இழு" என்றார்.